அடுப்பு எரிகிறது, தெர்மாமீட்டர் அசையவில்லை: அந்தச் சூடு எங்கே போகிறது?

படிவம்நான்கு | சனி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். பள்ளியில் 'ஹாபா பெண்டாம்', அதாவது உள்ளுறை வெப்பம், பாடம் முடிந்துவிட்டது. சூத்திரம் தெரியும், கணக்கும் போட்டுவிடுவேன். உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. அதனால் இன்று மத்தியானம் பாட்டி வீட்டு அடுப்படியில் நானே செய்து பார்த்தேன்.

கடையில் வாங்கிய ஐஸ், பொடியாக உடைத்து, தராசில் 500 கிராம். சின்ன அலுமினியச் சட்டி. அடுப்புத் திருகியை ஓரிடத்தில் வைத்தேன், கடைசி வரை தொடவில்லை. தெர்மாமீட்டர் நுனி சட்டியின் அடியில் படாமல் பிடித்துக்கொண்டு விடாமல் கிண்டினேன்.

முதல் 8 நிமிடம் 0 டிகிரியை ஒட்டியே நின்றது. கடைசித் துண்டு ஐஸ் கரைந்த பிறகுதான் ஏறத் தொடங்கியது. அங்கிருந்து 11 நிமிடத்தில் கொதி வந்தது. அப்புறம் 20 நிமிடம் கொதிக்க விட்டேன். 99, 100, 99, 100 என்றே காட்டியது. அணைத்துவிட்டு நிறுத்தால் 330 கிராம்தான் மிச்சம்.

முதல் 8 நிமிடமும் கடைசி 20 நிமிடமும் அடுப்பு அதே மாதிரிதான் எரிந்தது. அந்தச் சூடு எங்கே போனது? மறைந்திருக்கிறது என்கிறார்கள். எங்கே மறைந்திருக்கிறது?

லோரி_கேமரன் | சனி, இரவு 9.40

தங்கச்சி, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. சட்டியின் பக்கத்தாலும் மேலாலும் காற்றுக்குப் போய்விடும். அடுப்பின் சூட்டில் பாதி வீண்தான், சட்டிக்குப் பக்கத்தில் கை வைத்தாலே தெரியும்.

படிவம்நான்கு | சனி, இரவு 9.58

அண்ணே, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஐஸ் இருந்த நேரத்தில் சட்டிக்குள் 0 டிகிரி, அடுப்படியில் 31 டிகிரி. சூடு அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தானே போகும்? அப்படியானால் அந்த 8 நிமிடமும் அறையிலிருந்துகூட சட்டிக்குள் சூடு வந்திருக்க வேண்டும். வெளியே போக வழியே இல்லையே.

பழைய_வாத்தியார் | சனி, இரவு 10.25

மகளே, நீ லோரி அண்ணனுக்குச் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. முப்பது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், அந்தக் கோணத்தில் கேட்ட பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதலில் உன் எண்களைப் பார்ப்போம், அவை அருமையான எண்கள். ஒரு கிலோ ஐஸை 0 டிகிரியிலேயே தண்ணீராக்க 334 கிலோஜூல் வேண்டும். உன் 500 கிராமுக்கு 167. அதை 8 நிமிடத்தில் முடித்தாய். அதே தண்ணீரை 0 முதல் 100 வரை ஏற்ற 210 கிலோஜூல். 8 நிமிடத்துக்கு 167 என்றால் 210-க்கு 10 நிமிடம் ஆகும். உனக்கு 11 ஆனது. அந்த ஒரு நிமிடத்தைத்தான் லோரி அண்ணன் சொன்ன கணக்கில் எழுத வேண்டும்: சட்டி சூடேறிய பிறகு காற்றுக்குக் கொஞ்சம் போகத்தான் செய்யும்.

கொதிக்கும்போது? ஒரு கிலோ தண்ணீரை 100 டிகிரியிலேயே ஆவியாக்க 2,260 கிலோஜூல். உனக்குக் குறைந்தது 170 கிராம். அதற்கு 384 கிலோஜூல். உன் அடுப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 கிலோஜூல் கொடுத்தது, 20 நிமிடத்துக்கு 420. பாட்டி வீட்டு அடுப்படியில் இவ்வளவு நெருக்கமாக வருவது பெரிய விஷயம்.

இப்போது 'எங்கே' என்ற கேள்வி. தெர்மாமீட்டர் அளப்பது மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாக ஆடுகின்றன என்பதை மட்டும்தான். அவை ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. ஐஸில் ஒவ்வொரு மூலக்கூறும் சுற்றியிருக்கும் நான்கோடு ஒழுங்காகப் பிணைந்திருக்கிறது, நெருக்கித் தொடுத்த மல்லிகைச் சரம் மாதிரி. அடுப்பு கொடுத்த சூடு அந்த முடிச்சுகளைத் தளர்த்துவதற்குச் செலவாகிறது. ஆட்டம் கூடவில்லை, அதனால் எண் ஏறவில்லை. ஆனால் தளர்ந்த நிலைக்கு ஆற்றல் அதிகம். அந்த அதிகம்தான் உள்ளே இருக்கிறது.

இதை முதலில் கண்டுகொண்டவர் ஜோசப் பிளாக். 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் பேராசிரியர். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குடுவை எடுத்தார். ஒன்றில் உறைநிலைக்குச் சற்று மேலே இருந்த தண்ணீர், மற்றதில் ஐஸ். இரண்டையும் ஒரே அறையில் வைத்தார். தண்ணீர் அரை மணி நேரத்தில் 40 டிகிரி பாரன்ஹீட்டுக்கு வந்துவிட்டது. ஐஸ் குடுவை அதே 40-ஐத் தொடப் பத்தரை மணி நேரம் ஆனது. அறை ஒன்று, குடுவை ஒன்று, உள்ளே போகும் சூடும் ஏறக்குறைய அதே வேகம். அப்படியானால் அந்தப் பத்து மணி நேரச் சூடு? இன்று நீ கேட்ட அதே கேள்வி.

இட்லிக்கடை_அக்கா | ஞாயிறு, காலை 5.50

கடை திறக்கும் முன் படித்தேன். வாத்தியார் ஐயா, எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன், தப்பு என்றால் திருத்துங்கள். சீட்டுக் கட்டுவது மாதிரிதானே இது? மாதாமாதம் கொடுக்கிறேன், கையில் காசு இல்லை, ஆனால் காசு தொலையவில்லை. என் முறை வந்தால் திரும்பி வரும்.

பழைய_வாத்தியார் | ஞாயிறு, காலை 7.05

மிகச் சரி அம்மா. உருகும்போது போட்ட 334 உறையும்போது திரும்பி வரும். ஆவியாகும்போது போட்ட 2,260 ஆவி தண்ணீராகும்போது திரும்பி வரும். ஒரு ஜூல்கூடக் குறையாது.

மலாய் பாடநூலில் 'பெண்டாம்' என்று போட்டதும் பொருத்தமான சொல்தான். மனசுக்குள் புதைத்து வைப்பதற்கும் மலாயில் அதைத்தான் சொல்வார்கள். நாம் உள்ளுறை வெப்பம் என்கிறோம், இலங்கைப் பிள்ளைகள் மறை வெப்பம் என்று படிக்கிறார்கள்.

பாய்லர்_அண்ணன் | ஞாயிறு, காலை 10.30

செம்பனை (பாமாயில்) ஆலையில் 26 வருடம் வேலை பார்த்தவன் நான், அதில் பாதி பாய்லரில், பாதி ஸ்டெரிலைசரில். சூடு திரும்பி வரும் என்று ஐயா சொன்னதை என் கையில் பார்த்திருக்கிறேன்.

முதலில் வேலையைச் சொல்கிறேன். தோட்டத்திலிருந்து வரும் குலையைக் கூண்டில் போட்டு ஸ்டெரிலைசருக்குள் தள்ளி மூடி, ஸ்டீம் விடுவோம். மூன்று பார் அழுத்தம், 140 டிகிரியைத் தாண்டிய ஸ்டீம், ஒன்றரை மணி நேரம் வரை. பழம் குலையிலிருந்து சுலபமாக உதிர வேண்டும். பழத்தில் எண்ணெயைக் கெடுக்கும் நொதி இருக்கிறது, அதுவும் அடங்க வேண்டும். இல்லையென்றால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை போய்விடும்.

புதிதாக வருகிற பையன்கள் கேட்பார்கள், 140 டிகிரிக் காற்றை ஊதினால் போதாதா என்று. போதாது. காற்று குலையைத் தொட்டால் தன் சூட்டில் கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டு, ஆறிய காற்றாக அங்கேயே நிற்கும். ஸ்டீம் தொட்டால் தண்ணீராக மாறும். மாறும்போது ஒரு கிலோவுக்கு 2,100 கிலோஜூலுக்கு மேல் குலைக்குள் இறக்கிவிட்டுப் போகும். தண்ணீராகிச் சுருங்கியதும் அந்த இடத்துக்கு அடுத்த ஸ்டீம் தானாக ஓடி வரும். அதனால்தான் உள்ளே காற்று தங்கக் கூடாது என்று ஆரம்பத்தில் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி வெளியே தள்ளுகிறோம். குலைகளுக்கு நடுவில் காற்றுப் பை மாட்டிக்கொண்டால் அந்தக் குலை வேகாது. அழுத்த மீட்டர் சரியாகத்தான் காட்டும். அப்புறம் வெறுங்குலையைப் பார்த்தால் பழம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இனி கை விஷயம். ஒரு பழைய வால்வில் கேஸ்கெட் போய்விட்டது. மாற்றச் சொல்லி இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தோம், ஆலையில் தள்ளிப் போட்டார்கள். ஒரு ராத்திரி ஷிஃப்டில் வெள்ளைப் புகை தெரிந்தது. புகையைத் தவிர்க்க வேண்டுமென்று அதற்கும் வால்வுக்கும் நடுவில் கையை விட்டேன். அங்கே ஒன்றுமே தெரியவில்லை, காலி இடம் மாதிரி இருந்தது. அந்தக் காலி இடம்தான் ஸ்டீம். ஸ்டீம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சாண் தள்ளி வெள்ளையாகத் தெரிவது ஸ்டீம் குளிர்ந்து துளித் துளியான தண்ணீர். முழங்கைக்குக் கீழே ஒரு விநாடிகூடப் படவில்லை, தோல் உரிந்துவிட்டது.

கூட இருந்தவர் பற்பசை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நல்ல வேளை, எங்கள் போர்மேன் அதைத் தட்டிவிட்டு என் கையைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்து வைத்திருந்தார். பிள்ளைகளே, சூடு பட்டால் ஓடும் தண்ணீர். பற்பசை வேண்டாம், கிச்சாப் வேண்டாம்.

லோரி_கேமரன் | ஞாயிறு, காலை 11.15

அண்ணே, படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனால் அது 140 டிகிரி ஸ்டீம் என்பதால்தானே அவ்வளவு காயம்? இட்லிச் சட்டி ஆவி 100 டிகிரிதான், கொதிநீரும் 100 டிகிரிதான். இரண்டும் ஒரே மாதிரிதானே சுடும்?

பழைய_வாத்தியார் | ஞாயிறு, மதியம் 12.02

இல்லை தம்பி. ஒரு கிராம் கொதிநீர் தோலில் பட்டு 37 டிகிரிக்கு இறங்கினால் கொடுப்பது 265 ஜூல். ஒரு கிராம் 100 டிகிரி ஆவி தோலில் பட்டால் முதலில் தண்ணீராகும்போது 2,260, பிறகு அந்தத் தண்ணீர் ஆறும்போது 265. மொத்தம் 2,525. ஒன்பதரை மடங்கு. தெர்மாமீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

இட்லிக்கடை_அக்கா | ஞாயிறு, மதியம் 2.20

இட்லியும் அப்படித்தான் வேகிறது என்று இப்போதுதான் உறைக்கிறது. மாவு ஊற்றியதும் மூடியைத் திறந்து பார்த்தால் தட்டு முழுக்க வேர்த்திருக்கும். ஆவி மாவில் பட்டுத் தண்ணீராகிறது, அந்தச் சூட்டில் மாவு வேகிறது. மாவும் சூடானதும் வேர்ப்பது குறைகிறது. பத்து வருடமாகப் பார்க்கிறேன், காரணம் தெரியாது. மூடியை நம் பக்கம் சாய்த்துத் திறக்கக் கூடாது, அந்தப் பக்கம் சாய்த்துத் திற என்று மாமியார் சொன்னதும் இதற்குத்தான்.

இன்னொன்று கேட்கிறேன். கடலை வேகவைக்கும்போது கொதி வந்த பிறகும் அடுப்பைப் பெரிதாகவே வைத்திருப்பேன், சீக்கிரம் வேகும் என்று. பாப்பா சொன்னபடி பார்த்தால் கொதி வந்த பிறகு 100-க்கு மேல் போகவே போகாது. அப்போது அந்தக் கேஸ் எல்லாம்?

பழைய_வாத்தியார் | ஞாயிறு, மதியம் 2.41

தண்ணீரை ஆவியாக்கிக் கூரைக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். கடலை வேகும் வேகம் 100 டிகிரிக்கு உரிய வேகம். தளதளவென்று கொதித்தாலும் லேசாகக் கொதித்தாலும் அதுதான். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள். இன்னும் சீக்கிரம் வேண்டுமானால் குக்கர். அழுத்தம் கூடினால் கொதிநிலை 120 பக்கம் போகும்.

லோரி_கேமரன் | ஞாயிறு, மாலை 4.10

குக்கர் என்றதும் ஞாபகம் வந்தது. வாரத்தில் மூன்று நாள் சிம்பாங் பூலாய் வழியாக கேமரன் மலை ஏறி காய்கறி இறக்குகிறேன். அங்கே தானா ராத்தாவில் நண்பர் அறையில் சோறு ஆக்கினால் இங்கே ஆவதைவிட நேரமாகும். குளிர் என்று நினைத்திருந்தேன். அழுத்தமா காரணம்?

பழைய_வாத்தியார் | ஞாயிறு, மாலை 4.35

ஆமாம். 1,400 மீட்டருக்கு மேலே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். குளிர் கொதி வரும் வரைக்கும்தான் தாமதப்படுத்தும். கொதித்த பிறகு 95-ஐத் தாண்டாது, அரிசி மெதுவாகத்தான் வேகும்.

லோரி_கேமரன் | ஞாயிறு, மாலை 4.52

அங்கே தேங்காய் எண்ணெய் போத்தல் ராத்திரியில் கல்லாகிவிடுகிறது, செம்பனை எண்ணெயும் அடியில் வெள்ளையாகப் படிகிறது. அதுவும் உறைவதுதானே? பாப்பா அதையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் ஐஸ் மாதிரி ஓரிடத்தில் நிற்குமா?

பழைய_வாத்தியார் | ஞாயிறு, மாலை 5.20

உறைவதுதான், அப்போது சூடும் வெளியே வரும். ஆனால் ஓரிடத்தில் நிற்காது. எண்ணெய் பலவகைக் கொழுப்புகளின் கலவை. ஒன்று முன்னால் உறையும், ஒன்று பின்னால் உறையும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே கெட்டியாகத் தொடங்கும், அதனால் இங்கே தோட்டத்தில் நாம் அதைப் பார்ப்பதில்லை. வரைபடத்தில் தட்டையான கோடு வேண்டுமானால் தூய பொருள் வேண்டும். பள்ளியில் நாப்தலீன் வைத்துச் செய்வது அதற்குத்தான், 80 டிகிரியில் அப்படியே நிற்கும்.

பந்தல்_பொறுப்பு | ஞாயிறு, இரவு 8.15

நல்ல நேரத்தில் இந்த இழை கண்ணில் பட்டது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் எங்கள் பொறுப்பு. 20 லிட்டர் சிராப் தோம்பு (பீப்பாய்) ஒன்றுக்கு எவ்வளவு ஐஸ் போடுவது என்று ஒவ்வொரு வருடமும் சண்டை. ஒருவர் சொல்கிறார், ஐஸ் எதற்கு, நன்றாகக் குளிர்ந்த ஐஸ் தண்ணீரே ஊற்றினால் போதும், இரண்டும் 0 டிகிரிதானே என்று. வாத்தியார் ஐயா கணக்குப் போட்டுத் தர முடியுமா?

படிவம்நான்கு | ஞாயிறு, இரவு 8.50

அண்ணே, நான் போடுகிறேன். ஐயா சரிபார்க்கட்டும்.

20 லிட்டர் 30 டிகிரியில் இருக்கிறது, 5 டிகிரிக்கு இறக்க வேண்டும். எடுக்க வேண்டிய சூடு 20 × 4.2 × 25 = 2,100 கிலோஜூல். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 எடுக்கும், உருகிய தண்ணீர் 0-விலிருந்து 5-க்கு ஏற இன்னும் 21. மொத்தம் 355. அப்படியானால் 6 கிலோ ஐஸ் போதும்.

அதே 6 கிலோவை 0 டிகிரித் தண்ணீராக ஊற்றினால் தோம்பு 23 டிகிரிக்குத்தான் வரும். குடிக்கிறவர்களுக்கு அது பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

பழைய_வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.03

சரியான கணக்கு. வெயிலில் நிற்கும் தோம்புக்கு வெளியிலிருந்தும் சூடு வரும், கூட ஒரு கிலோ வைத்துக்கொள்ளுங்கள். சிராப்பை முதலிலேயே கொஞ்சம் கெட்டியாகக் கலக்குங்கள், 6 லிட்டர் தண்ணீர் சேரப்போகிறது அல்லவா.

பந்தல்_பொறுப்பு | ஞாயிறு, இரவு 9.10

கட்டியாகப் போடுவதா, உடைத்துப் போடுவதா?

பழைய_வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.18

எடுக்கும் சூடு இரண்டுக்கும் ஒன்றுதான். உடைத்தால் சீக்கிரம் குளிரும், கட்டி அதிக நேரம் தாங்கும். ஊர்வலம் வரும் நேரத்துக்கு உடைத்தது, காலையிலிருந்து வைத்திருக்கக் கட்டி.

பால்மரம் | திங்கள், மதியம் 1.40

நான் ரப்பர் பால் வெட்டிய குடும்பம், இப்போது செம்பனை வெட்டுகிறோம். ஒன்று கேட்கணும். சில நாள் வெயில் அவ்வளவு இல்லை, மேகமாக இருக்கும், ஆனால் புழுக்கம் தாங்காது. வியர்வை சட்டையைப் பிழிகிற மாதிரி ஓடும், உடம்பு மட்டும் ஆறவே ஆறாது. இதுவும் அந்தக் கணக்குத்தானா?

பழைய_வாத்தியார் | திங்கள், மாலை 6.30

அதே கணக்குத்தான், இது உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் கவனமாகச் சொல்கிறேன். ஒரு லிட்டர் வியர்வை தோலிலேயே காய்ந்தால் உடம்பிலிருந்து 2,400 கிலோஜூல் எடுத்துப் போகும். ஆனால் காய்ந்தால்தான். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காய இடமில்லை. சொட்டிக் கீழே விழுந்த வியர்வை உடம்பை ஆற்றுவதில்லை, தண்ணீரையும் உப்பையும்தான் கொண்டுபோகிறது. அப்படிப்பட்ட நாளில் நிழலில் உட்காருங்கள், காற்று படும்படி சட்டையைத் தளர்த்துங்கள், தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். தலை சுற்றிப் பேச்சு குழறினால் ஓய்வெடுத்தால் சரியாகும் என்று விடாதீர்கள். உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

படிவம்நான்கு | திங்கள், இரவு 7.45

ஐயா, ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. உருக 334, ஆவியாக 2,260. ஏறக்குறைய ஏழு மடங்கு. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பழைய_வாத்தியார் | திங்கள், இரவு 8.20

உருகும்போது முடிச்சுகளில் கொஞ்சம்தான் அவிழ்கிறது. தண்ணீரிலும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, இடம் மட்டும் மாறிக்கொள்கின்றன. ஆவியாக வேண்டுமானால் ஒவ்வொன்றும் முழுதாகப் பிரிந்து போக வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் 1.7 லிட்டர் இடம் வேண்டும், அதற்குச் சுற்றியுள்ள காற்றைத் தள்ள வேண்டும். 2,260-இல் 170 அந்தத் தள்ளுதலுக்கே போகிறது. மிச்சமெல்லாம் பிரிப்பதற்கு.

பாய்லர்_அண்ணன் | திங்கள், இரவு 9.00

பாப்பா, சூடு திரும்பி வருவதை நீயும் உன் கண்ணால் பார்க்கலாம், கை சுடாமல். சட்டியில் தண்ணீர் கொதிக்கட்டும். நடுவில் ஒரு சின்னக் கிண்ணம், கொதிநீர் அதற்குள் தெறிக்காத உயரத்தில். சட்டியின் வாயை மூடுகிற மாதிரி அடி குவிந்த எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை மேலே வை, அதில் பச்சைத் தண்ணீரை அளந்து ஊற்று. ஆவி மேல் பாத்திரத்தின் அடியில் பட்டுச் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழும். மேலே எவ்வளவு சூடேறியது, கீழே எவ்வளவு சொட்டியது, இரண்டையும் எழுது. துணி பிடித்துத் தூக்கு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

படிவம்நான்கு | புதன், இரவு 8.05

செய்துவிட்டேன். பாட்டி பக்கத்திலேயே நின்றார்.

மேல் பாத்திரத்தில் 300 கிராம் தண்ணீர், 28 டிகிரி. சொட்டு விழுந்து கிண்ணம் நிறைவதைப் பார்க்க முடியாது, சத்தம் மட்டும் கேட்டது. 62 டிகிரி ஆனதும் தூக்கிவிட்டேன். கிண்ணத்தில் 18 கிராம்.

300 கிராம் 34 டிகிரி ஏறியிருக்கிறது. 0.3 × 4.2 × 34 = 42.8 கிலோஜூல்.

இப்போது அந்த 18 கிராம், சும்மா 100 டிகிரித் தண்ணீராக மேலே வந்து 62-க்கு ஆறியிருந்தால் கொடுத்திருப்பது 2.9 கிலோஜூல்தான். அதில் என் 300 கிராம் 2 டிகிரி சொச்சம்தான் ஏறியிருக்கும். ஏறியது 34. அடுப்பிலிருந்து வாங்கிய சூட்டை ஆவி உள்ளே வைத்திருந்து மேல் பாத்திரத்தில் கொடுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீங்கள் எல்லாரும் சொன்னதை நம்பினேன். இன்று எண்ணாகப் பார்த்தேன்.

பழைய_வாத்தியார் | புதன், இரவு 8.30

மகளே, 42.8-ஐ 18-ஆல் வகுத்தால் கிராமுக்கு 2.38 கிலோஜூல் வருகிறது. 2.26-ஐவிடக் கொஞ்சம் கூடுதல். மேல் பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஈரத்தை நிறுத்தாயா? அந்த ஆவியும் சூடு கொடுத்ததுதானே.

படிவம்நான்கு | புதன், இரவு 8.36

ஆமாம் ஐயா, எழுத மறந்துவிட்டேன். காய்ந்த துணியை முதலில் நிறுத்து, அடியைத் துடைத்து, மறுபடியும் நிறுத்தேன். 1 கிராம் கூடியது. 19-ஆல் வகுத்தால் 2.25.